ஹோஸ்டிங் மாற்றும்போது தளம் தடுமாறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்துகொண்டு எல்ல, பண்டாரவளை, நுவரெலியாப் பக்கத்து விருந்தினர் விடுதிகள் சிலவற்றுக்கும், தேயிலை விற்கும் இரண்டு கடைகளுக்கும், ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கும் இணையத்தளம் பார்த்துக்கொடுக்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியபோது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டொலரில் கட்டிவந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஹோஸ்டிங்கை, அதாவது தளம் தங்கியிருக்கும் வாடகை இடத்தை, மாற்றித் தரச் சொன்னார்கள். இங்கே எழுதும் பிழைகளில் பெரும்பாலானவற்றை அந்த வருடத்தில்தான் கண்டேன்.

மாற்றம் நடக்கும் இரண்டு மூன்று நாளும் ஒரே பெயரில் இரண்டு சேர்வர்கள் (தளத்தை வைத்திருந்து பதில் அனுப்பும் கணினிகள்) உயிரோடு இருக்கின்றன. ஒருவருக்குப் பழையது பதில் சொல்கிறது, இன்னொருவருக்குப் புதியது. புகார் சொல்பவருக்கு எது பதில் சொன்னது என்று தெரியாமல் கைவைத்தால், ஒழுங்காக ஓடுவதையும் கெடுத்துவிடுவோம். ஆகவே வேலை தொடங்குமுன் இரண்டு சேர்வர்களிலும் ஒரே பெயரில் ஒரு சிறிய எழுத்துக் கோப்பை வைத்துவிடுகிறேன். பழையதில் உள்ள கோப்பில் 'பழையது' என்ற ஒரு சொல், புதியதில் 'புதியது' என்ற ஒரு சொல். யார் அழைத்தாலும் முதலில் அந்த முகவரியைத் திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொல்கிறேன். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முதல் படி இதுதான்.

"தம்பி, எனக்குப் புதியது தெரிகிறது, கொழும்பில் இருக்கிற மகளுக்குப் பழையதுதான் தெரிகிறதாம்"

இது கோளாறு அல்ல, தளத்தின் பெயருக்குரிய சேர்வர் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பின் நினைவகம். உங்கள் டொமைன், அதாவது தளத்தின் பெயர், எந்த ஐபி முகவரிக்குப் போகவேண்டும் என்று சொல்வது ஏ பதிவு; அதற்கு டிடிஎல் என்று ஒரு கால அளவு உண்டு. அது 14400 வினாடி என்றால், ஒருமுறை முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்ட இணைய நிறுவனம் நான்கு மணி நேரத்துக்கு மறுபடி கேட்காது. 86400 என்றால் முழுதாக ஒரு நாள்.

மாற்றுகிற அன்று காலையில் டிடிஎல்லைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. அதற்குள் எல்லோரும் பழைய கால அளவோடு முகவரியை எடுத்துப்போயிருப்பார்கள். குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே 300 வினாடிக்கு இறக்குங்கள். மாற்றம் முடிந்து ஒரு வாரம் ஓடிய பிறகு பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் பெயர் சேர்வர்களையே மாற்றுவதானால் டிடிஎல் உங்கள் கையில் இல்லை. டொட் கொம் டொமைன்களின் பெயர் சேர்வர் விவரத்தை அதன் மேல்நிலைப் பதிவகம் 172800 வினாடி, அதாவது இரண்டு நாள், வைத்துக்கொள்ளச் சொல்கிறது. முடிந்தவரை பெயர் சேர்வரைத் தொடாமல் ஏ பதிவை மட்டும் மாற்றுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோல இருக்கட்டும்.

உரிமையாளருக்கே பழையது தெரிந்தால், விண்டோஸ் கட்டளைத் திரையில் என்எஸ்லுக்அப் (பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் கட்டளை) ஓட்டி, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சேர்வர்கள் இரண்டிடமும் கேளுங்கள். அவை புதிய முகவரியைச் சொன்னால், கணினியின் டிஎன்எஸ் நினைவகத்தைத் துடைத்து, ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். அவையே பழையதைச் சொன்னால், கூகுளும் கிளவுட்ஃபிளேரும் நினைவகத்தைத் துடைப்பதற்கென்றே பொதுப் பக்கம் வைத்திருக்கின்றன. அங்கே உங்கள் டொமைனைக் கொடுங்கள்.

வீட்டு வைஃபையில் புதியது வருகிறது, கைத்தொலைபேசி டேட்டாவில் மட்டும் மூன்றாம் நாளும் பழையதே வருகிறது என்றால் 'ஏஏஏஏ' (நான்கு ஏ) என்ற பதிவைப் பாருங்கள். ஐபி பதிப்பு 6 முகவரிக்கான பதிவு அது. பலர் ஏ பதிவை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பதிப்பு 6 பயன்படுத்தும் வலையமைப்பில் இருப்பவர்கள் தொடர்ந்து பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருப்பார்கள். புதிய சேர்வரில் பதிப்பு 6 இல்லையென்றால் அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

"சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் தளமே இல்லை என்கிறது"

பெயர் சேர்வரை மாற்றிய பிறகு இப்படி வந்தால், டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் மீது முதலில் சந்தேகப்படுங்கள். பழைய இடத்தில் டொமைன் கையொப்பமிடப்பட்டிருந்து, அதற்கான டிஎஸ் பதிவு மேல்நிலைப் பதிவகத்தில் அப்படியே இருக்கிறது. புதிய பெயர் சேர்வரிலோ அந்தக் கையொப்பம் இல்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் 8.8.8.8 போன்றவை உங்கள் தளத்தை மறுத்துவிடும், சரிபார்க்காதவை திறந்துவிடும். டிஎஸ் பதிவை நீக்கி, அதன் கால அளவு தீரும்வரை காத்திருப்பதுதான் வழி. மாற்றத்துக்கு முன்பே நீக்கியிருந்தால் இந்தக் காத்திருப்பே வந்திருக்காது.

"தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறது"

நம்மவர் தளங்களில் அடிக்கடி வருவதும், ஆங்கிலத்தில் மட்டுமே தளம் நடத்துகிறவர்களின் வழிகாட்டிகளில் சரியாக எழுதப்படாததும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'மலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது ம, ல, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் ஒன்பது. புதிய சேர்வர் இந்த ஒன்பதையும் லத்தீன் எழுத்துகள் என்று நினைத்துக் காட்டினால், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வரும். கண்ணுக்கு அசிங்கமாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. ஒன்பது பைட்டும் பத்திரமாக இருக்கின்றன.

'மலை' இருந்த இடத்தில் மூன்று கேள்விக்குறிகள் மட்டும் நின்றால் நிலைமை வேறு. தரவுத்தளத்தை இறக்கும்போதோ ஏற்றும்போதோ எழுத்துகள் தூக்கி எறியப்பட்டுவிட்டன. கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. பழைய சேர்வர் உயிரோடு இருக்கிறதல்லவா, அங்கிருந்து அதை மறுபடி இறக்குங்கள். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடக்கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவதற்கு இதுவே முதல் காரணம்.

கிறுக்கலைச் சரிசெய்யப் பழைய தரவுத்தளத்தின் அட்டவணை எந்த எழுத்துத் தொகுதியில் அறிவிக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். யூடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யூடிஎஃப்-8, என்று இருந்தால் பிழை ஏற்றிய இணைப்பில்தான். அந்த இணைப்பின் எழுத்துத் தொகுதியைச் சரியாகக் கொடுத்து மீண்டும் ஏற்றினால் போதும். லத்தீன்1 என்று அறிவித்துவிட்டு உள்ளே தமிழ் பைட்டுகளை வைத்திருந்த பழைய தளங்கள் ஏராளம். அவற்றை லத்தீன்1 என்றே கொடுத்து இறக்குங்கள். அப்போதுதான் பைட்டுகள் மாற்றமின்றி வெளியே வரும். பிறகு இறக்கிய கோப்பில் உள்ள லத்தீன்1 என்ற அறிவிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 என மாற்றி ஏற்றுங்கள். இதை ஒரு பிரதியில் செய்து பார்த்துவிட்டு உண்மையான தரவில் கைவையுங்கள்.

ஏற்றும்போதே 'அறியாத கொலேஷன்' (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்று மறுத்தால், பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து அதன் உறவான மரியாடிபிக்குப் போகிறீர்கள் என்று பொருள். 0900 என்ற எண் கொண்ட கொலேஷன் மரியாடிபியின் பழைய பதிப்புகளுக்குத் தெரியாது. கோப்பில் அதை யூனிகோட் சிஐ வகைக்கு மாற்றிவிட்டால் ஏறிவிடும்.

பக்கத்தில் தமிழ் சரியாக இருந்து, படங்கள் மட்டும் காணாமல் போனால் கோப்புகளின் பெயரைப் பாருங்கள். ஒரு தேயிலைக் கடையின் தளத்தில் 'கொழுந்து' என்று தமிழிலேயே பெயரிட்ட படம் ஒன்று இருந்தது. கோப்பு அங்கே இருக்கிறது, பெயரும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனாலும் திறக்கவில்லை. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை அதைப் பிரித்தே சேமிக்கும். அப்படியொரு கணினிக்கு இறக்கி, அங்கிருந்து ஏற்றியதில் பெயர் மாறிவிட்டது. அன்றிலிருந்து கோப்புகளை என் கணினி வழியாகக் கொண்டுபோவதில்லை. ஒரு சேர்வரிலிருந்து மற்றதற்கு ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவி மூலம் நேராக அனுப்புகிறேன்.

"முன்பதிவு செய்தவர் வந்து நிற்கிறார், நம்மிடம் பதிவே இல்லை"

எல்லப் பக்கத்து விடுதி ஒன்றில் இது என் கையாலேயே நடந்தது. இரவில் தளத்தை மாற்றினேன். மூன்று நாள் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மாலை ரயிலில் இறங்கிய ஒரு குடும்பம் பெட்டிகளோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் வாசலில் நின்றது. கைத்தொலைபேசியில் உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் இருக்கிறது. விடுதியின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. அறை வேறொருவருக்குப் போய்விட்டது. விடுதி நடத்தும் அக்கா எனக்கு அழைத்தபோது அவர் குரல் நடுங்கியது. கீழே இருந்த இன்னொரு விடுதியில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தோம். நான் பழைய சேர்வருக்குள் போய்ப் பார்த்தேன்.

மாற்றத்துக்குப் பிறகும் பழைய முகவரியை நினைவில் வைத்திருந்த வலையமைப்பிலிருந்து அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அது பழைய தரவுத்தளத்தில் ஒழுங்காகப் பதிவாகி, யாரும் பார்க்காமல் கிடந்தது. அதைவிட என்னை அதிர வைத்தது பதிவு எண். புதிய சேர்வரில் அதே எண் வேறொரு விருந்தினருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டு தரவுத்தளங்களும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தன. அடுத்த எண் எது என்பதில் இரண்டுக்கும் ஒரே விடைதான்.

இப்படி ஆகிவிட்டால், மாற்றிய நேரத்துக்குப் பிறகு பழைய தரவுத்தளத்தில் சேர்ந்த வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து, புதிய எண் கொடுத்து, கையால் சேர்ப்பதுதான் ஒரே வழி. முழுத் தரவுத்தளத்தையும் மறுபடி ஏற்றினால் புதியதில் வந்த பதிவுகள் அழிந்துபோகும்.

வராமல் தடுக்க மூன்று வழி உண்டு. சிறிய விடுதிக்கு, கடைசிப் பிரதி எடுக்குமுன் பழைய தளத்தின் முன்பதிவுப் படிவத்தை மட்டும் நிறுத்தி, அந்த இடத்தில் தொலைபேசி எண்ணைப் போடுவது போதும். தளம் திறந்தேதான் இருக்கிறது. முன்பதிவு மட்டும் தொலைபேசியில் நடக்கிறது. பதிவுகள் அதிகம் வருகிற இடத்தில், பழைய தளத்தின் அமைப்புக் கோப்பில் தரவுத்தள முகவரியைப் புதிய சேர்வருக்குத் திருப்பிவிடுகிறேன். அதற்குப் புதிய சேர்வரில் தரவுத்தளத்துக்கான 3306 வாயிலைப் பழைய சேர்வரின் ஐபிக்கு மட்டும் திறக்கவேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் மூடவேண்டும். பழைய சேர்வரில் அனுமதி இருந்தால், வருகிற எல்லாக் கோரிக்கைகளையும் புதியதற்குக் கடத்திவிடும் ப்ரொக்சி அமைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. எந்த வழியானாலும், புதிய தரவுத்தளத்தின் அடுத்த பதிவு எண்ணை ஆயிரம் முன்னுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். எங்காவது தவறினாலும் எண்கள் மோதாது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. நமக்கு நள்ளிரவு என்றால் தளத்தில் ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் இலண்டனில் இரவு எட்டு மணிக்கு இங்கே அதிகாலை ஒன்றரை. வெளிநாட்டவர் எல்லவுக்கு அறை தேடும் நேரம் அதுதான். நான் இப்போது காலை ஏழு மணிக்குத்தான் மாற்றுகிறேன். ஐரோப்பா தூங்குகிறது, உள்ளூரில் யாரும் இன்னும் கணினி முன் உட்காரவில்லை. ஏப்ரல் பருவத்தில் நுவரெலியா விடுதிகளையும், யாத்திரைக் காலமான டிசம்பர் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பாதையில் உள்ளவற்றையும் தொடுவதில்லை.

"பூட்டுச் சின்னம் போய், பாதுகாப்பற்றது என்கிறது"

இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் புதிய சேர்வரில் இல்லை. சான்றிதழை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாக உங்கள் டொமைனுக்கு நேராக வந்து சோதித்துவிட்டுத்தான் சான்றிதழ் தரும். டொமைன் இன்னும் பழைய சேர்வரைக் காட்டும்போது புதியதால் அதைப் பெறமுடியாது. மாற்றிய பிறகு பெறலாம் என்று விட்டால், இடைப்பட்ட நேரத்தில் வருகிற எல்லோரும் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். பழைய சான்றிதழையும் அதன் தனித் திறவுகோலையும் புதிய சேர்வருக்குக் கொப்பி செய்து முன்கூட்டியே நிறுவுங்கள். திறவுகோலை எடுக்க வழியில்லையென்றால், டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து) பதிவு போட்டு நிரூபிக்கும் முறையில் புதிதாகப் பெறலாம்.

சான்றிதழ் இருந்தும் பக்கம் திரும்பத் திரும்பச் சுற்றி, 'அதிகத் திருப்பல்கள்' என்று நின்றால், தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையின் எஸ்எஸ்எல் அமைப்பைப் பாருங்கள். அது 'ஃபிளெக்ஸிபிள்' என்றிருந்தால் சேர்வரிடம் பூட்டில்லாமல் கேட்கும்; சேர்வர் பூட்டோடு வா என்று திருப்பி அனுப்பும்; முடிவே இல்லை. 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' என்று மாற்றுங்கள்.

"முகப்பு திறக்கிறது, உள்ளே போனால் 404"

பக்க முகவரிகளுக்கான விதிகள் உள்ள, புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் கோப்பு வந்து சேரவில்லை. மறைந்த கோப்பு என்பதால் பல மென்பொருள்கள் அதைக் காட்டுவதே இல்லை. வந்திருந்தும் வேலை செய்யாவிட்டால், புதிய சேர்வரில் ஓடும் மென்பொருள் என்ஜின்எக்ஸாக இருக்கும். அது அந்தக் கோப்பைப் படிப்பதில்லை, அதன் விதிகளை என்ஜின்எக்ஸ் அமைப்பில் தனியாக எழுதவேண்டும்.

வெள்ளைப் பக்கமோ 500 பிழையோ வந்தால், பெரும்பாலும் தளத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பு வேறுபடுகிறது. பிழைப் பதிவேட்டின் கடைசி வரியைப் படியுங்கள், காரணம் அங்கே எழுதியிருக்கும். தமிழ்த் தளங்களுக்கு, பல பைட் எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நீட்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றையும் மாற்றத்துக்கு முன்பே பிடித்துவிடலாம்: உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு எதிரே புதிய ஐபியை எழுதினால், உலகம் பழையதைப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் புதியதைப் பார்ப்பீர்கள். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள்.

"மின்னஞ்சல் வரவில்லை"

பெயர் சேர்வரை மாற்றினால், அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் புதிய நிறுவனம் பல சமயம் தானாகவே தன் பக்கம் போட்டுவிடும். கடிதங்கள் யாரும் திறக்காத ஒரு வெற்றுப் பெட்டியில் விழத் தொடங்கும். எம்எக்ஸ் பதிவையும், கடிதம் உண்மையில் உங்களிடமிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் எழுத்துக்கு எழுத்து புதிய இடத்தில் முன்பே பதியுங்கள். அஞ்சல் கூகுளில் இருந்தால், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையான சிபேனலில் 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று குறிக்கவேண்டும். குறிக்காவிட்டால் தளத்தின் தொடர்புப் படிவம் அனுப்பும் கடிதம் அதே சேர்வருக்குள்ளேயே தங்கிவிடும்.

கடிதம் மறுக்கப்படுவதைவிடத் தவறான பெட்டியில் சேர்வதே பெரிய ஆபத்து. சேர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்புகிறவரின் சேர்வர் பொதுவாகச் சில நாட்கள் மீண்டும் மீண்டும் முயலும். தவறான பெட்டியில் சேர்ந்தாலோ, வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடும். இரண்டு வாரத்துக்குப் பழைய பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள்.

"இடையில் மின்சாரம் போய்விட்டது"

மழைக்காலத்தில் இங்கே ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மாலை முழுவதும் இருட்டு. தரவு உங்கள் வீட்டு இணைப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தால் பாதியில் அறுந்துவிடும். சேர்வருக்குள் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற கருவியைத் திறந்து அதற்குள் கட்டளையைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஆர்சிங்க் பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டும்போது விடுபட்ட கோப்புகளை மட்டும் எடுக்கும்.

தரவுத்தளக் கோப்பு முழுமையாக வந்ததா என்று அறிய அதன் கடைசி வரியைப் பாருங்கள். தரவுத்தளத்தை இறக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளை வேலையை முடித்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்றும் அன்றைய திகதியும் கடைசியில் எழுதும். அந்த வரி இல்லையென்றால் கோப்பு அரைகுறை. அளவு பெரிதாக இருக்கிறதே என்று நம்பி ஏற்றிவிடாதீர்கள்.

"பதிவு நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறது"

புதிய சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. பிஎச்பி அமைப்பிலும் தளத்தின் அமைப்பிலும் நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று வையுங்கள். நினைவூட்டல் அனுப்பும் க்ரொன் வேலைகளின் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) நேரத்தையும் அப்படியே பாருங்கள். தளத்தை மாற்றிய உடனேயே பழைய சேர்வரில் அவற்றை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் விருந்தினருக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு முறை போகும்.

"பழையதை எப்போது மூடலாம்?"

பழைய சேர்வரின் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மனிதர்களின் வருகை நின்று, தேடுபொறிகளின் ரோபோக்கள் மட்டும் வந்துபோனால் தளம் அங்கே முடிந்தது. ஆனாலும் இரண்டு வாரம் பொறுக்கிறேன். ஒரு மாதக் கட்டணம் வீண் என்று உரிமையாளர் சொன்னால், மழையில் பெட்டிகளோடு நின்ற அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மூடுமுன் டொமைன் யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஹோஸ்டிங்கோடு சேர்த்து வாங்கியிருந்தால், கணக்கு மூடப்பட்ட பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் போகலாம். டொட் கொம் டொமைனைப் பதிந்த முதல் 60 நாளுக்குள் வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. ஹோஸ்டிங் மாற்றத்தையும் டொமைன் மாற்றத்தையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். இலங்கையின் டொட் எல்கே என்றால், பதிவகத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி உரிமையாளர் இன்றும் திறக்கக்கூடியதா என்று சரிபாருங்கள். தளத்தை முதலில் செய்துகொடுத்தவரின் முகவரியே அங்கே கிடப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்த முகவரியை மாற்றி, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் கடைசியாக ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு உரிமையாளர் கையில் கொடுத்த பிறகே பழைய கணக்கை நிறுத்தும்படி எழுதுகிறேன்.